அண்ணன் படிக்காத வகுப்பு

அறுபத்தேழு வயது அய்யாக்குட்டிக்கு மறதி நோய்தான் என்று உறுதியானதும் டாக்டரம்மா அவருடைய தங்கை தங்கபுஷ்பத்திடம் கேட்டார்: “சின்ன வயசுல சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டாரா? எதுவரை படிச்சாரு?”

“ரெண்டாங்கிளாஸ். எங்க அப்பா தவறுனதும் உப்பளத்துக்குப் போயிட்டாவ. இருக்கிற கஞ்சிய எனக்குக் குடுத்துட்டு, வெறுந்தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துருவாவ.”

“அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதனாலதான்னு சொல்ல முடியாது.”

அந்த ‘இருக்கலாம்’ அவளை அறுத்தது. அண்ணன் சுமந்த உப்பில்தான் அவள் படித்து ஆசிரியை ஆனாள். முத்தையாபுரம் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு சிலேட்டு வாங்கினாள். இனிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தும், தினமும் அவர் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தாள். ஒரு வாரமாகியும் ஒரு சுழிகூட வரவில்லை. எட்டாம் நாள் அவள் பொறுமையிழந்து கத்தினாள்: “எழுதுங்கண்ணே! ஒத்த எழுத்தாவது எழுதுங்க!”

அவர் பயந்து எழுந்து கைகட்டி நின்றார். “டீச்சர், எனக்குப் படிப்பு வேண்டாம். என் தங்கச்சி கெட்டிக்காரி. அவளச் சேத்துக்கிடுங்க. நான் உப்பளத்துக்குப் போயிருதேன்.”

“போவாதீங்கண்ணே” என்று அவள் அவர் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவரோ, நேரமாகிவிட்டதென்று கால்களை உருவிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.