எழுதினது எழுதினதுதான்

மலர்வளையம் வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்றது. வங்கியின் பெயர் பொன்னெழுத்தில் மினுங்க, ஆளுயரத்துக்கு அப்படி ஒரு வளையம். இரண்டு பேர் சாய்த்து, திருப்பி, எப்படியோ உள்ளே கொண்டுவந்து இறந்துகிடந்த கணக்குப் பிரிவுத் தலைவரின் நெஞ்சில் சாத்தினார்கள். அவர் முகமே மறைந்துபோயிற்று. உயிரோடு இருந்தவரைக்கும்தான் அமுக்கப் பார்த்தார்கள், செத்தும் விடமாட்டார்களா என்று மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னாலேயே வந்த வங்கியின் மேலாண்மை இயக்குநர் கைகூப்பிவிட்டு, அவளைச் சமையலறைப் பக்கம் தனியே அழைத்தார்.

"இந்த நேரத்துல பேசக்கூடாதுதாம்மா. நாளைக்கு போர்டு மீட்டிங். அந்தக் கட்டுமானக் கம்பெனி கடன் விஷயத்துல சார் ஆஸ்பத்திரியில மனசு மாறிட்டார்னு ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். வாசல்லதான் நிக்கிறார்."

அவளுக்குத் தெரியாத விஷயமா? ஒரு வருஷமாகத் தவணையே கட்டாத கம்பெனி. காலாண்டு அறிக்கையில் அதை வாராக்கடன் என்று எழுதிவிட்டார் அவர். அறிக்கையைப் பார்த்துத்தான் யாருக்குக் கடன் கொடுப்பது என்று போர்டு முடிவுசெய்யும். நல்ல கடன் என்று மாற்றினால் அதே கம்பெனிக்கு இன்னும் பெரிய கடன் போகும், அத்தனையும் ஊரார் போட்டுவைத்த பணம். "மாத்தித் தொலைங்களேன்" என்று அவளே அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். "எழுதினது எழுதினதுதான்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் முனகினார் மனுஷன்.

"உங்க பொண்ணுக்கு நம்ம பேங்க்லயே வேலை. அது என் பொறுப்பு" என்றார் இயக்குநர்.

படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலையும் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் அவளைப் பார்த்தாள். மகள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

தாய் விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள்.

"ஆடிட்டர் சார்! எங்க வீட்டுக்காரர் மனசு மாறலை. கடைசி மூச்சு வரைக்கும் மாறலை. அந்தக் கடன் தேறாது!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஓடிவந்த இயக்குநர், "பாவம், துக்கத்துல என்னமோ பேசறாங்க..." என்று இழுத்தார்.

"ஆமா சார், துக்கத்துலதான் பேசறேன். அதுக்காகப் பொய் சொல்லணுமா?"

"கேட்டுக்கிட்டேம்மா. அறிக்கை அவர் எழுதினபடியேதான் போர்டுக்குப் போகும்" என்றார் ஆடிட்டர். இயக்குநரின் கார்க்கதவு படாரென்று மூடிக்கொண்டது.

அவள் உள்ளே வந்தபோது மகள் மலர்வளையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் பிடிம்மா."

இருவரும் சாய்த்து, திருப்பி, அதை வெளியே கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தார்கள். இப்போது அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. சட்டைக் காலரில் ஒரு பூவிதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதையும் எடுத்துப்போட்டாள்.