மூணாவது ஆள்

தண்டாயுதபாணி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, வலது கையில் ஒரு பட்டு, இடது கையில் ஒரு பட்டு என்று தராசு மாதிரி நின்றார். வெளியே பந்தலில் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. முற்றத்தில் அவர் மனைவி செந்தாமரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, சேலைய எடுத்துட்டீகளா?” மனைவியின் அக்கா அழகம்மாள் குரல் கொடுத்தாள்.

“இந்தா வந்துட்டேன்” என்றார். வரவில்லை.

இரண்டு சேலைக்கும் ஒரே நெசவு, ஒரே கரை, ஒரே எடை. மகள் ராஜப்ரியா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனபோது செந்தாமரைக்கு இரண்டின் மீதும் ஆசை வந்துவிட்டது. இரண்டையுமே எடுத்தாள். ஒன்று அரக்கு, ஒன்று பச்சை. எது அரக்கு, எது பச்சை என்பதுதான் அவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு இரண்டுமே காப்பி. ஒன்றில் பால் கொஞ்சம் கூட என்று வேண்டுமானால் சொல்லலாம். ஜன்னல் பக்கம் திரும்பினால் அதுவும் மாறிப்போனது.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில்தான் சொன்னாள். “என்னய அந்த அரக்குப் பட்டக் கட்டி அனுப்புங்க. நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்.” மூக்கில் குழாயோடு சிரித்த மாதிரிதான் இருந்தது. போகிற போக்கில் ஒரு பரீட்சை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முப்பது வருஷமாகக் காரைக்குடியில் பெயிண்ட் கடை நடத்துகிறவர் அவர். தச்சு வேலைக்குக் கை வணங்கவில்லை என்று அவர் அப்பா வைத்துக் கொடுத்த கடை. நீச்சல் தெரியாதவனைப் பிடித்துப் பரிசல் தள்ளச் சொன்ன கதை.

கல்யாணமான மூன்றாம் மாதம், சட்னிக்குப் பழமாகப் பார்த்து ஒரு கிலோ தக்காளி வாங்கிவரச் சொன்னாள். பாதி பச்சைக் காயாக இருந்தது. செந்தாமரை திட்டவில்லை. பையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுவாரம் மதுரைக்குக் கூட்டிப்போனாள்.

“கண்ணுக்குள்ள கலர் பாக்க மூணு வகை செல்லு இருக்கு” என்றார் கண் டாக்டர். “மூணு பேரும் ஆளுக்கொரு சேதி அனுப்புவாங்க. மூளை மூணையும் ஒப்பிட்டுப் பாத்துதான் இது செவப்பு, இது பச்சைன்னு முடிவு பண்ணும். உங்களுக்கு அதுல ஒரு ஆளு பொறந்ததுலேர்ந்தே லீவு. மருந்து கெடையாது.”

திரும்பி வரும்போது பஸ் திருப்பத்தூர் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவள்தான் பேசினாள்.

“இதுக்குப்போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக. அந்த மூணாவது ஆளு வேலைய நான் பாத்துக்கிர்றேன்.”

பார்த்தாள். கடையில் ஒவ்வொரு டின்னிலும் நம்பர் எழுதிச் சீட்டு ஒட்டினாள். “செவப்புன்னா ஒலகத்துல ஆயிரம் செவப்பு இருக்கு. நம்பரச் சொல்லுங்க” என்று அவர் அதட்டுவதைக் கேட்டு, தண்டாயுதபாணி தொழிலில் கறார் என்று மேஸ்திரிகள் மெச்சிக்கொண்டார்கள். ரகசியம் புருஷன் பெண்டாட்டி இருவரையும் தாண்டவில்லை. நிறம் பார்த்துப் பெண் கட்டவில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யக்கூடிய ஒரே மாப்பிள்ளை தான்தான் என்று அவளிடம் மட்டும் சொல்லிக்கொள்வார்.

சேலை மடிப்புகளுக்குள் விரலை விட்டுத் தடவினார். சீட்டு எதுவும் இல்லை. கடை டின்னுக்கெல்லாம் நம்பர் போட்டவள் தன் சேலைக்குப் போடவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் முப்பது வருஷ மானம் இன்றைக்கே செந்தாமரையோடு கிளம்பிவிடும்.

“தம்பீ!”

குன்றக்குடி முருகன் மேல் பாரத்தைப் போட்டு, வலது கையை நம்பினார்.

அழகம்மாள் வாங்கிப் பிரித்தாள். கை நின்றது. “தம்பி, இது…”

“பெரியம்மா.” ராஜப்ரியா குறுக்கே விழுந்தாள். “அப்பா அரக்கத்தான் எடுத்துட்டு வந்திருக்காக. கட்டுங்க.”

அழகம்மாள் சேலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “ஆமா, அரக்குதான்” என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. “நல்ல அரக்கு.”

நிறம் தெரியாதவனுக்கு முகம் தெரியும். டின்னைத் திறந்ததும் அவர் பெயிண்டைப் பார்க்க மாட்டார், வாங்க வந்தவன் முகத்தைத்தான் பார்ப்பார். அழகம்மாள் முகத்தில் இருந்தது, டின் மாறிப்போன முகம்.

மாற்றிக் கட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். ராஜப்ரியா அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிப்பாளே செந்தாமரை, அதே மாதிரி கடித்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சுடுகாட்டிலிருந்து வந்து தலை முழுகிவிட்டு, சாயங்காலம் பீரோ முன்னால் உட்கார்ந்தார். மடியில் மிச்சமிருந்த சேலை. பக்கத்து வீட்டில் போட்டுக் கொடுத்த காப்பியை ராஜப்ரியா கொண்டுவந்தாள்.

“இந்தா தாயி. இந்த அரக்க நீ வச்சுக்க.”

தம்ளரை நீட்டியவள் அப்படியே நின்றாள். “எப்பிடிப்பா…”

“ஒம் பெரியம்மா மூஞ்சி இருக்கே, அதவிட நல்ல கலர் கார்டு எவன் போட்டான்?”

அவள் கீழே உட்கார்ந்தாள். “அம்மா சொல்லிட்டுத்தான்ப்பா போச்சு. ‘ஒங்கப்பா எத எடுத்துட்டு வந்தாலும் அதான் அரக்கு. ஒரு ஆளு வாயத் தொறக்கக் கூடாது’ன்னுச்சு.”

“ஒனக்கு எப்பருந்து தெரியும்?”

“ஆறாப்புல. அம்மா ஊருக்குப் போயிருந்தப்ப எனக்கு மேப்புக்குக் கலரடிச்சுக் குடுத்தீகள்ல. கடல் மட்டும் சரியா இருந்துச்சு. காடு பூராம் செவப்பு.”

“டீச்சர் வைதாகளோ?”

“அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து, நான்தான் கலரடிச்சேன்னு சொல்லிருச்சு.”

 அவர் தம்ளரை வாங்கி, சேலையோரமாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல பாலு கொஞ்சம் கூட” என்றார்.

எதைச் சொல்கிறார் என்று ராஜப்ரியா கேட்கவில்லை.