கரிசலில் பளிச்சிட்ட நீல மிதவை

ஓய்வு பெற்றதும் கடலில் முங்கக் கற்றேன். முங்குபவன் இருக்குமிடத்தைப் படகுகளுக்குக் காட்ட மிதவையும் கொடியும் வேண்டுமே! ஆரஞ்சு, நீலம் இரண்டையும் வரவழைத்து எங்கள் கரிசல் காட்டில் வைத்துப் பார்த்தேன். நீலம் விளாத்திகுளம் வரை பளிச்சென்று தெரிந்தது. கொடியையும் நீலத்திலேயே எடுத்தேன்.

தூத்துக்குடிக் கடலுக்கடியில் விசைப்படகின் இரைச்சல் நெருங்கியபோதுதான் உறைத்தது. நீலக் கடலில் நீல மிதவை எவன் கண்ணில் படும்? மேலே போனால் படகின் விசிறி சீவிவிடும். ஏசுவைக் கூப்பிட்டேன். போதாதென்று பக்கத்து வீட்டுச் சாமி சுடலைமாடனையும் கூப்பிட்டேன்.

இரைச்சல் திரும்பி விலகியது. மேலே வந்தேன். எங்கள் தோணியில் மனைவி பிரிஸ்கில்லா ஆரஞ்சு மிதவையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம காட்டுல எந்தப் படகு ஓடுதுன்னு அங்கன வச்சிப் பாத்திய?"