தையலோரம் ஒரு வெட்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு சோஃபாவிலிருந்து வந்தது. அதன்மேல் இரண்டு தோள்பைகள் கிடந்தன, ஒன்று நீலம், ஒன்று சாம்பல். இரண்டையும் நான்தான் வரவழைத்திருந்தேன். திரையில் பார்த்து எந்த நிறம் என்று முடிவெடுக்க முடியவில்லை. இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினால் போயிற்று, அனுப்புவதும் இலவசம் என்று போட்டிருந்தார்கள். இதில் தவறேதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் முழுசாகத் தோன்றவில்லை.

அன்றைக்கு என் மனைவியின் தங்கை வந்திருந்தாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். கல்யாணமாகி, தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவளை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். தேநீரை ஊதிக்கொண்டே பைகளைப் பார்த்தாள்.

"இதுல எது மாமா திரும்பி வருது?"

அவள் வேலை பார்ப்பது திரும்பி வரும் பொருள்களைப் பிரிக்கிற கிடங்கில். என்னைப் போன்றவர்கள் அனுப்புவதெல்லாம் அவளுக்கு வருவதுதான்.

"நீலம்" என்றேன்.

நீலப் பையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "பாவம்" என்றாள்.

மாட்டைப் பார்த்துச் சொல்லலாம், மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லலாம். ஒரு பையைப் பார்த்து யாராவது பாவம் என்பார்களா? அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அடுத்தவர் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்குவதுதானே எங்கள் பிழைப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பூமியே ஒரு குப்பைத்தொட்டியாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கிடங்கில், ஒரு பெண் —

வேண்டாம். பூமியைக் கூப்பிட்டால் கதை மேடையேறி மைக்கைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் யார் இறக்குவது?

இரண்டாவது தொடக்கம்:

அவள் கையில் கத்தி இருந்தது.

விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் நீங்கள் ஒரு கொலையை எதிர்பார்ப்பீர்கள், அது கிடைக்காதபோது என்னைத் திட்டுவீர்கள். [பக்க ஓரத்தில் "கொலை இல்லை என்று அடித்துச் சொல்ல முடியுமா?" என்று எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு என்ன நினைப்பில் எழுதினேனோ.]

மூன்றாவது:

நான் ஒரு நீலப் பை. என்னைத் தைத்த கைகளை நான் —

இதை என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "எத்தனாங்கிளாஸ் பாடம் இது?" என்று கேட்டாள். அதையும் அடித்தேன்.

மூன்றை எழுதி மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அடித்த வாக்கியம் எந்த ஊருக்கு வெளியேயும் குவிவதில்லை, எரித்தால் புகைவதில்லை. இந்தப் பழக்கத்தைத்தான் நான் கடைக்கும் கொண்டுபோய்விட்டேன் போலிருக்கிறது. மூன்று வரவழைப்பது, ஒன்றை வைத்துக்கொள்வது, மிச்சத்தை அடித்துவிடுவது. முன்பெல்லாம் கடையில் நின்று, விற்பவர் முகம் சுளிக்கும்வரை யோசித்து, ஒன்றை வாங்கி வருவோம். அது பிடிக்காமல் போனாலும் பழகிவிடும். இப்போது யோசிப்பதை வீட்டுக்கு வந்தபிறகு வைத்துக்கொள்கிறோம். யோசிக்கிற கூலியைப் பொருள் கொடுக்கிறது.

(இந்தப் பத்தி கட்டுரை வாடை அடிக்கிறது என்று எனக்கும் தெரியும். கதைக்கு வருகிறேன்.)

3

நீளமான மேசைகள். திரும்பி வந்த பெட்டிகள் ஓடும் பட்டையில் வரிசையாக வரும். பெட்டியைப் பிரித்து, பொருளைப் புரட்டிப் பார்த்து, இரண்டு கூண்டுகளில் ஒன்றில் போட வேண்டும். பச்சைக் கூண்டில் போட்டால் மறுபடி விற்பனைக்கு. சிவப்பில் போட்டால் கழிவுக்கு. ஆனால் சிவப்பில் அப்படியே போடக் கூடாது. யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி முதலில் கத்தியால் வெட்ட வேண்டும்.

"எதெல்லாம் சிவப்பு?" என்று கேட்டேன்.

"உறை கிழிஞ்சிருந்தா சிவப்பு. விலைச்சீட்டு அறுந்திருந்தா சிவப்பு. போட்டுப் பார்த்த வாசனை வந்தா சிவப்பு. பச்சையா சிவப்பான்னு யோசிச்சுக்கிட்டு நின்னா, அதுவும் சிவப்புதான் மாமா."

"நல்ல பொருள்தானே? வேற உறைல போட்டா என்ன?"

"போடுற ஆளுக்குச் சம்பளம்? புதுசா ஒண்ணு தைக்கிறது அதைவிட மலிவாம்."

"சும்மாவாவது யாருக்காவது குடுக்கலாமே?"

"சும்மா கிடைச்சா அப்புறம் எவன் வாங்குவான்?" சிரித்தாள். "இதெல்லாம் எங்களுக்கும் தோணுச்சு மாமா. நீங்க மட்டும்தான் மூளையோட பொறந்தீங்களா?"

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் ஒரு வருத்தம். வெட்டும்போது அவள் கண் கலங்கியிருந்தால் கதைக்கு எவ்வளவு சௌகரியம்! [கலங்கவைத்து ஒரு வரி எழுதியும் பார்த்தேன்: ஒவ்வொரு வெட்டும் அவள் நெஞ்சில் — அடித்துவிட்டேன்.] அவள் அப்படிப்பட்ட ஆளே இல்லை. ஊர் வம்பு பேசிக்கொண்டே வெட்டுவாளாம். போதாக்குறைக்கு அவளே வரவழைக்கிறவள். பெண்ணுக்கு இரண்டு அளவில் செருப்பு வாங்கி, சேராததைத் திருப்பி அனுப்புவாள். ஒரு தடவை அவள் அனுப்பிய செருப்பு சுற்றிச் சுற்றி அவள் மேசைக்கே வந்து நின்றதாம்.

"அடக் கடவுளே! என்ன பண்ணினே?"

"உறை கிழிஞ்சிருந்துச்சு. வெட்டிப் போட்டேன். ரூல்னா ரூல்தானே?"

இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி உருக்கமாக எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.

4

அவள் சொன்ன "பாவம்" என் மனைவியின் காதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. "அந்தப் பையை அனுப்ப வேண்டாம். சின்னவளுக்கே குடுத்துடலாம். அவளோட பை நைஞ்சு போயிருக்கு" என்றாள். எனக்கும் நல்லதாகப் பட்டது. செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது, பெயராவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். பையை மறுபடி உறையில் போட்டு, பெட்டியில் வைத்து, பரிசுபோல ஒட்டினாள்.

அடுத்த முறை சின்னவள் வந்தபோது சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்தோம். பிரிப்பதற்கு நான்தான் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அக்காவிடம் மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தவில்லை. பெட்டியைப் பிரித்தாள், பையை வெளியே எடுத்தாள், உட்புறத்தைத் திருப்பினாள், ஜிப்பை இழுத்து விட்டாள், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "...அதுக்கு அவங்க சொல்றாங்க, நான் என்ன வேலைக்காரியான்னு" என்று சொல்லிக்கொண்டே கத்தியை வைத்து ஒரு இழு இழுத்தாள். பையின் பக்கம் வாயைப் பிளந்தது.

"ஏய்! அது உனக்குடி!" என்று கத்தினாள் என் மனைவி.

சின்னவள் கையில் கத்தியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடது கை பையைக் கீழே போடுவதற்காக மேசைக்கு வெளியே நீண்டிருந்தது. அங்கே கூண்டு இல்லை.

"ஐயோ அக்கா" என்றாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்றுபோய் முகம் சிவந்துவிட்டது. அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான், எனக்கும் மனசு கேட்கவில்லை.

என் மனைவி பையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். துணியில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டு, தையலோரமாகவே போயிருந்தது. நூல் மட்டும்தான் அறுந்திருந்தது. ஊசியை எடுத்துவந்து, அடுப்பில் தேநீர் கொதிப்பதற்குள் தைத்து முடித்துவிட்டாள்.

"எப்பவும் இப்படித்தான் வெட்டுவியா?" என்று கேட்டேன்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையை அசைத்த பிறகுதான் சொன்னாள். முகப்பின் குறுக்கே வெட்ட வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் அப்படித்தான் வெட்டுகிறார்கள். இவள் தையலைப் பிரிக்கிறாள். கூண்டில் கிடக்கும்போது வித்தியாசம் தெரியாது. கூண்டு நிறைந்ததும் மூட்டை கட்டிக் கழிவுத் துணிக்காரர்களுக்கு ஏற்றிவிடுவார்கள்.

"அங்க யாரு தைக்கிறா?"

"தெரியாது மாமா."

"யாராவது தைச்சதைப் பார்த்திருக்கியா?"

"இல்லை. தைச்சாலும் தைப்பாங்க. தைக்காமலும் போகலாம். குறுக்கே வெட்டினா அதுக்கும் வழி இல்லையே."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"மாமா, இதை எழுதிடாதீங்க. எங்க மேற்பார்வையாளருக்குப் பூதக்கண்ணாடின்னு பேரு. சும்மா வைக்கலை அந்தப் பேரை. தெரிஞ்சா அன்னைக்கே வெளியில அனுப்பிடுவாரு. எங்க வீட்டுக்காரருக்கும் இப்ப வேலை இல்லை. என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது."

"சேச்சே, எழுதுவேனா?" என்றேன்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள்.

5

[இந்தப் பகுதி இல்லை.]

6

இருந்தது. இப்போது இல்லை.

நான் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், படித்துக்கொண்டிருக்கிறீர்களே. ஆனால் அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் காட்டினேன். அந்த அளவுக்காவது மனுஷன். அவள் முதல் நான்கு பகுதிகளின் தாள்களை மேசையில் வைத்து நிதானமாகப் படித்தாள்.

"நல்லா இருக்கு மாமா. வேலை போனதும் வீட்டுல உக்காந்து திரும்பத் திரும்பப் படிக்கலாம்."

"நாலு பேர் படிச்சுத் திருந்துவாங்கல்ல?"

"திருந்தட்டும். யாரு வேணாம்னது? அதுக்கு என் வேலைதான் கிடைச்சுதா?"

நான் விளக்கினேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. நான்காம் பகுதியில் பை என்று இருப்பது பையே இல்லை. தையல் என்று எழுதியிருப்பதும் தையல் இல்லை. அவள் உண்மையில் என்ன பொருளை, எப்படி விட்டுவைக்கிறாள் என்பதை மாற்றி எழுதிவிட்டேன். பூதக்கண்ணாடி கூண்டைக் கவிழ்த்துத் தேடினாலும் ஒரு தையல்கூட அகப்படாது. மற்றவர்களுக்குத் தெரியாமல், தெரியாத யாரோ ஒருவருக்காக ஒரு வழியை அவள் விட்டுவைக்கிறாள். அது மட்டும்தான் நிஜம்.

(ஆகவே வாசகரே, நான்காம் பகுதியில் உங்களையும் ஏமாற்றியிருக்கிறேன். கோபப்பட்டால் படுங்கள்.)

"அப்போ அஞ்சாவதுல என்ன இருக்கு?" என்றாள்.

ஐந்தாவதில்தான் நிஜம் இருந்தது. அவள் கை செய்வது அப்படியே இருந்தது. எழுதியதிலேயே உருப்படியான பகுதி அதுதான், அதனால்தான் விட மனசு வரவில்லை. படித்தாள். முடித்ததும் கையை நீட்டினாள். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. கத்தியைக் கொடுத்தேன்.

தாள்களை அடுக்கி நேராக்கினாள். குறுக்கே ஒரு இழுப்பு. திருப்பி வைத்து மறுபடி குறுக்கே. வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்து துண்டாகும்வரை விடவில்லை. அவள் குறுக்கே வெட்டி நான் பார்த்தது இல்லை. நன்றாகத்தான் வெட்டுகிறாள்.

"ஓரமா வெட்டிக் குடுத்திருக்கலாமே" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"ஒட்டிடுவீங்க" என்றாள்.

கம்ப்யூட்டரில் இருந்ததையும் பக்கத்தில் நின்று அழிக்கவைத்தாள்.

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன். பழக்கம் போகவில்லை.

முதல் முடிவில் அவள் பிடிபடுகிறாள். பூதக்கண்ணாடி கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். அவள் வாசலைத் தாண்டும்போது மழை பெய்கிறது. மழை பெய்யாவிட்டால் இந்த முடிவில் ஒன்றுமே இல்லை, அதனால் சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாவதில், பூதக்கண்ணாடி சிவப்புக் கூண்டிலிருந்து ஒரு பையை எடுக்கிறார், தையலைப் பார்க்கிறார், பேசாமல் திரும்பப் போட்டுவிட்டு நடக்கிறார். இதைச் சின்னவளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரா? நீங்க அவரைப் பார்த்ததில்லையே மாமா!"

மூன்றாவதில் நீங்கள் எல்லாரும் திருந்திவிடுகிறீர்கள். ஒன்று வேண்டுமென்றால் ஒன்று வாங்குகிறீர்கள். நிறம் கொஞ்சம் மாறியிருந்தாலும் வைத்துக்கொள்கிறீர்கள். ஓடும் பட்டை காலியாக ஓடுகிறது. ஒரு நாள் அதை நிறுத்திவிடுகிறார்கள், கிடங்கை மூடிவிடுகிறார்கள், சின்னவளுக்கு வேலை போய்விடுகிறது. நல்ல முடிவிலும் அவள் வேலை போகிறதே என்று நானே பதறிப்போய் அவளிடம் கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இப்படிப் போனா திட்ட மாட்டேன். ஆனா எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலை கிடைச்ச பிறகு திருந்தச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே எந்த முடிவையும் நான் போடப் போவதில்லை. நீலப் பை அவளிடம்தான் இருக்கிறது. வேலைக்கு மட்டும் எடுத்துப் போவதில்லை, வாசலில் பைகளைச் சோதிக்கிறார்கள். சாம்பல் நிறம் என்னிடம். சுமாரான நிறம்தான். பழகிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுக் கதவோரம் ஒரு பெட்டி இருக்கலாம். பிரித்துப் பார்த்து, பிடிக்காமல், திரும்ப எடுத்துப்போக ஆள் வரட்டும் என்று வைத்திருக்கும் பெட்டி. அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்பதில் நான் வாய் திறக்க மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதையும் இல்லை. அனுப்பினால் அது ஏதோ ஒரு மேசைக்குப் போய்ச் சேரும். அந்த மேசையில் சின்னவள் இருந்தாலும் இருப்பாள். பெரும்பாலும் பக்கத்து மேசைக்காரியாகத்தான் இருக்கும்.

மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன்: எழுதி முடித்ததும் பூதக்கண்ணாடியின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் சின்னவள் வேலைக்குப் போக வேண்டும்.