ஜீப் மணி

என் இடுப்பைச் சுற்றி ஒரு கை இருக்கிறது, அதன் மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்னக் கடிகாரம், அது மல்லாந்து என் வயிற்றின்மேல் படுத்திருக்கிறது, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி சைக்கிள் சரிவில் இறங்குகிறது, நான் மிதிக்கிறேன், சரிவில் மிதிக்கவே வேண்டியதில்லை என்று கால்களுக்குத் தெரியும், ஆனாலும் மிதிக்கிறேன், காற்று தாவணியை அள்ளிப் பின்னால் வீசுகிறது, அது ஜோதியின் முகத்தில்தான் அடித்திருக்கும், அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பதால் அவளுக்குத் தெரியாது, கண்ணைத் திறந்தால் படித்தது மறந்துவிடும் என்று வீட்டுவாசலில் ஏறும்போதே சொல்லிவிட்டாள், என் முதுகில் சூடாக அவள் மூச்சு படுகிறது, ஒளிச்சேர்க்கை, பச்சையம், சூரிய ஒளி என்று முணுமுணுக்கிறாள், நான் குனிந்து கடிகாரத்தைப் பார்க்கிறேன், எத்தனை முறை இந்தச் சரிவில் இறங்கினாலும் இந்த இடத்தில் நான் குனிந்து பார்க்கிறேன், பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அதற்குள் பார்த்துவிடுகிறேன்.

மணி ஒன்பது ஐம்பது. அதில் பத்தைக் கழிக்க வேண்டும், அது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், காலை ஆறு மணிக்குப் பஞ்சாயத்து டிவி ரூம் முன்னால் ஜீப் வந்து நிற்கும், இரண்டு தடவை ஆரன் அடிக்கும், மூன்றாவது ஆரன் கிடையாது, தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடிவருகிறவளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார், அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை, அதனால் ஜீப்புக்குப் போகிற வீடுகளில் எல்லாம் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், அதற்கு ஜீப் மணி என்று பேர், யாராவது மணி என்ன என்று கேட்டால் ஜீப் மணியா நெச மணியா என்று திருப்பிக் கேட்பார்கள். ஜோதியின் அம்மா சுருளியம்மாள் அந்த ஜீப்பில்தான் போனாள், எனக்கு அவள் அத்தை, ரத்த உறவில்லை, அவள் என் அப்பாவை அண்ணே என்பாள், அதனால் அத்தை, அவள் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கென்று ஜோதிக்குக் கழற்றிக் கொடுத்திருந்தாள், கொடுத்த நாளிலிருந்து அதில் ஜீப் மணிதான் ஓடிற்று, எங்கள் வீட்டில் ஓடுகிற கடிகாரமே கிடையாது, எனக்கு மணி என்றால் ஜோதிதான்.

ஒன்பது நாற்பது, என்று கழித்துக்கொண்டேன். ஒன்பதே முக்காலுக்கு எல்லோரும் பரீட்சை அறைக்குள் இருக்க வேண்டும், டவுனுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் கிடந்தது, அன்று பார்த்து ஜோதியின் சைக்கிளில் காற்று இல்லாமல் போனதால் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் மிதித்தேன், ஏய் மெதுவாப் போடி, படிச்சதெல்லாம் வழியில உதுருது, என்றாள் ஜோதி, கண்ணைத் திறக்காமலே சிரித்தாள், நான் சிரிக்கவில்லை, சரிவின் அடியில் ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறிப்போனால் நெற்று உடைந்து பருப்பு தனியாக வரும், கையில் கம்போடு ஒரு ஆள் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்துக் கம்பை உயர்த்தினார், ஏத்தா, எறங்கித் தள்ளிட்டுப் போங்க, எறங்கித் தள்ளிட்டுப் போங்கத்தா, என்று கத்தினார், அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது, இறங்கித் தள்ள நேரமில்லை என்று நினைத்தேன், முன்சக்கரம் செடிக்குள் போனதும் பட்பட்டென்று நெற்று வெடிக்கிற சத்தம், அடுப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி, பிறகு ஹேண்டில் என் கையில் இல்லை, பிறகு வானம் கொஞ்ச நேரம் கீழே இருந்தது, பிறகு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு முழங்கால் தோல் போனது, அவ்வளவுதான். ஜோதியின் கை விழுந்த இடம் உளுந்து, கால் விழுந்த இடம் ரோட்டோரத்துக் கல்.

அரசு ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பரீட்சை, பரீட்சை என்றாள், பிறகு ஊசி போட்டதும் அதுவும் நின்றுவிட்டது, நர்ஸக்கா வெளியே வந்து கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்து, பத்தரமா வச்சுக்க, பாரு, இதுக்கு ஒரு கீறல்கூட இல்ல, என்றார், உண்மைதான், கண்ணாடியில் ஒரு கோடு இல்லை, சங்கிலியின் இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் ஒரே ஒரு உளுந்து சிக்கியிருந்தது, உள்ளே விநாடி முள் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தது, நின்றிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு, ஒரு எலும்பு முறிந்திருக்கிறது, இரண்டு பேருக்குப் பரீட்சை போயிருக்கிறது, இது மட்டும் எப்படி ஓடலாம். கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து. தலையைத் தூக்கினேன், சுவரில் வட்டமாகப் பெரிய கடிகாரம், அதில் பத்து ஐந்து. ஆஸ்பத்திரிக் கடிகாரம் பின்னால் ஓடுகிறது என்று நினைத்தேன், பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டிருந்த ஒரு அண்ணனிடம் கேட்டேன், செல்லைப் பார்த்து, பத்து அஞ்சு பாப்பா, என்றார். பத்துக்கு ஜீப் கணக்கு உண்டு. மீதி இருபது எங்கிருந்து வந்தது. அப்போதுதான், மருந்து வாடையும் பினாயில் வாடையும் அடிக்கிற அந்த வராந்தாவில், இருட்டில் எழுந்து அடுப்புப் பற்றவைத்து, தூங்குகிற மகளின் தலைமாட்டில் குனிந்து, பரீட்சை நாளாவது இவள் சீக்கிரம் கிளம்பட்டும் என்று ரகசியமாக முள்ளைத் திருப்புகிற ஒருத்தியை நான் பார்த்தேன், கண் முன்னால் பார்த்தேன், அவள் விரல்களில் ஏலக்காய் வாசனை வந்தது. பாலத்தில் இறங்கியபோது நெச மணி ஒன்பது இருபதுதான். எங்களுக்கு எவ்வளவோ நேரம் இருந்திருக்கிறது.

மலையிலிருந்து அத்தை வந்துகொண்டிருந்தாள், தோட்டத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள், வந்ததும் கடிகாரத்தைக் கேட்பாள், பார்ப்பாள், பார்த்தால் அவளுக்கும் விளங்கிவிடும், ஒரு அம்மாவுக்கு அது விளங்கினால் அப்புறம் அவள் எப்படிச் சோறு தின்பாள், நான் யோசிக்கவே இல்லை, நகத்தால் அந்தச் சின்னத் திருகாணியை இழுத்தேன், முள்ளைப் பின்னால் திருப்பினேன், இருபது நிமிடம், எண்ணி இருபது, பத்து நிமிடம் மட்டும் கூட இருக்கும்படி, எப்போதும் இருக்கிற பிழையாகவே இருக்கும்படி வைத்துத் திருகாணியை அமுக்கினேன். அத்தை வந்தாள், முந்தானையில் பச்சைக் கறை, கதவுக் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள், நான் நீட்டினேன், வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. திட்டுவாள் என்று நின்றேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அதன் பிறகு மூன்று வருடம் பேசவில்லை.

மூன்று வருடம் என்பது எத்தனை இருபது நிமிடம் என்று திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே நின்று கணக்குப் போட்டிருக்கிறேன், போட முடிந்ததில்லை, பிஞ்சு கழிக்கிற வேலை, கொத்தில் நெருக்கமாக இருக்கிற பிஞ்சுகளைக் கத்திரியால் நறுக்கி எடுத்தால் மீதி பெரிதாகப் பழுக்கும், தலைக்குமேல் பச்சைப் பச்சையாகத் தொங்குகிற ஒவ்வொன்றும் சில நேரம் சின்னச் சின்னக் கடிகாரமாகிவிடும், ஒவ்வொன்றிலும் ஒரு மணி, எதுவும் எதோடும் ஒத்துப்போகாது. பேய் மாதிரி மிதிச்சாளாம், என்று தெரு சொன்னது, அடக்கமான புள்ளைன்னுல்ல நெனச்சோம், என்றது, அப்பா என் சைக்கிளைத் தொழுவத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார், ஒன் வேகத்துக்கு ஒரு புள்ள கால நொண்டுது, இனி நீ படிச்சுக் கிழிச்சது போதும், என்றார், மறுபரீட்சைக்கு விண்ணப்பத் தாள் வாங்கப் பள்ளிக்கூடம் போக வேண்டும், போகிறேன் என்று நான் கேட்கவில்லை. முள்ளைத் திருப்பி வைத்தது அத்தை என்று ஒரே ஒரு வாக்கியம்தான், எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், தினமும் காலையில் பல் விளக்கும்போது அது நாக்கில் வந்து உட்காரும், துப்பிவிடுவேன். ஜோதியை மாமா வீட்டுக்குப் பெரியகுளத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே அடுத்த வருடம் எழுதித் தேறினாள், காலேஜும் அங்கேதான், ஒருமுறை பஸ் ஜன்னலில் பார்த்தேன், அவளா, அவள் மாதிரி வேறு யாருமா, கையைத் தூக்கினாளா, கம்பியைப் பிடித்தாளா, பஸ் போய்விட்டது. அத்தை ஆறு மணி ஜீப்புக்கு எங்கள் வாசல் வழியாகப் போவதை நிறுத்தியிருந்தாள், சந்துக்குள் புகுந்து கோயிலைச் சுற்றிப் போனாள், அதனால் சீக்கிரமே கிளம்ப வேண்டியிருந்தது அவளுக்கு, அவ்வளவு வெறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீப் இல்லாத நாள், உச்சி வெயில், உள்ளே அப்பா டிவியில் பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தார், வாசலில் நிழல் விழுந்தது, நிமிர்ந்தால் அத்தை, நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள், வாங்கத்தே, என்றேன். நேத்து பெரியகுளத்துல ஜோதியப் பொண்ணு பாக்க வந்தாக, என்றாள் அத்தை, கால் என்ன ஆச்சுன்னு கேட்டாக, பக்கத்து வீட்டுச் சிறுக்கி ஒருத்தி பேய் மாதிரி மிதிச்சுக் கீழ தள்ளிப்புட்டான்னு சொன்னேன், சொல்லிட்டுக் காப்பி ஆத்திக் குடுத்தேன். நல்ல எடமாத்தே, என்று கேட்டேன். எடம் கெடக்கட்டும், என்றாள், அவுக போனதும் ஜோதி என்னயப் புடிச்சிக்கிட்டா, ஏம்மா அவளச் சொல்ற, லேட்டாயிருச்சுன்னுதான மிதிச்சா, அப்படீங்குறா, நீயே சொல்லு, லேட்டாக்குனது யாருடி, எனக்கு ராவெல்லாம் சோறு எறங்கல.

அன்னிக்கி விடியக்காலம் நான்தேன் திருப்பி வச்சேன், என்றாள் அத்தை, பத்து நிமிசத்த அந்தத் தூங்குமூஞ்சி கழிச்சுக்கிருவா, அவளுக்குத் தெரியாம இன்னொரு இருவது தள்ளி வைப்போம்னு வச்சேன், ஆஸ்பத்திரில நீ குடுக்குறப்பப் பாக்குறேன், பழையபடி பத்துதேன் கூட இருக்கு, எம்புள்ள மயக்கத்துல கெடக்கா, வேற யாரு அதத் தொட்டா. விழுந்த வேகத்துல முள்ளு பின்னால போயிருக்கும்த்தே, என்றேன். அத்தை என்னைப் பார்த்தாள், வாய் சிரிக்கப் போனது, கண் அதற்குச் சம்மதிக்கவில்லை, இருவது நிமிசம், ஒன்னு கூடாம ஒன்னு கொறயாம, தானா பின்னால போச்சாக்கும், பொய் சொல்லக்கூடத் தெரியாத கழுத, என்றாள், அந்தக் கடிகாரத்தப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்டி, ஒன் மூஞ்சியில முழிக்கப் பயந்துதேன் சந்து வழியாப் போனேன், ஊரு ஒன்னயப் பேசுனப்ப வாயப் பொத்திக்கிட்டு நின்னேன், பேசட்டும், நம்மளப் பேசலைல்லன்னு நின்னேன்.

அது வெறுப்பில்லை என்பது எனக்குள் இறங்க நேரம் பிடித்தது, கிணற்றில் போட்ட கல் மாதிரி, சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் அத்தை குரலைத் தூக்கிவிட்டாள், எதிர்வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்கு, அண்ணே, கேக்குதா, எம்புள்ள காலு போனது ஒங்க மகளால இல்ல, நான் வச்ச முள்ளால, அவ அதத் தெரிஞ்சே மூனு வருசம் முழுங்கிக்கிட்டு இருந்திருக்கா, சைக்கிள எறக்குங்க, விட்ட பரீட்சயத் தனியா எழுதலாமாம், ஜோதி தாள் வாங்கி அனுப்புறேன்னுருக்கா, என்றாள். உள்ளே படத்தின் சத்தம் நின்றது. அப்பா வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றார், என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார், துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார், டீ குடிக்கிறியாம்மா, என்று அத்தையிடம் கேட்டார், நேராகத் தொழுவத்துக்குப் போனார், ஆணியிலிருந்து எதையோ கழற்றுகிற சத்தம் கேட்டது. அத்தை அப்போதுதான் நிலைப்படியைத் தாண்டினாள், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கடிகாரத்தை எடுத்தாள், என் கையை இழுத்து மாட்டிவிட்டாள், அதே கீறலில்லாத கண்ணாடி, கொக்கி இரண்டு முறை நழுவியது. மணி சரியாத்தே, என்று கேட்டேன். பத்து நிமிசம் கூட, என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டு, அது என்னிக்கும் உள்ளதுதான.

அவள் போன பிறகு சிமெண்ட் தரையில் அப்படியே படுத்தேன், வெயில் ஓட்டின் இடுக்கு வழியாக வந்து காலில் விழுந்தது, கடிகாரத்தைக் காதோரம் வைத்துக்கொண்டேன், தூங்கினேனா, தூங்கவில்லையா, வாய்க்கால் பாலம் வந்துவிட்டது, சைக்கிள் சரிவில் இருக்கிறது, இடுப்பைச் சுற்றி ஜோதியின் கை இருக்கிறது, அவள் மணிக்கட்டு வெறுமையாக இருக்கிறது, நான் குனியவில்லை, ரோட்டைப் பார்க்கிறேன், கீழே அந்த ஆள் கம்போடு நிற்கிறார், எறங்கித் தள்ளிட்டுப் போங்கத்தா, என்கிறார், பிரேக்கைப் பிடிக்கிறேன், இறங்குகிறோம், ஜோதி கண்ணைத் திறக்கிறாள், அவள் நடை ஒரு பக்கம் சாய்கிறது, இங்கேயும் சாய்கிறதா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை, அவள் கேரியரைப் பிடித்துச் சாய்ந்துகொள்கிறாள், நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்கிறேன், காலுக்கடியில் நெற்று பட்பட்டென்று உடைகிறது, அவள் குனிந்து ஒன்றை எடுத்து உரித்துப் பாதியை என் வாயில் போடுகிறாள், லேட்டாயிறாதாடி, என்கிறாள், பச்சை உளுந்து பல்லில் வழவழக்கிறது, மென்றுகொண்டே சொல்கிறேன், நெறையா நேரம் கெடக்கு.