காந்தா கை நனைக்கவில்லை

1

இந்தக் கதை ஒரு டெலிபோன் அழைப்பில் பிறந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். தாம்பரம் பொருட்காட்சியில் சீட்டு எழுதிப் போட்டிருந்தேன். அதற்குப் பரிசு விழுந்திருக்கிறதாம். "சூட்கேஸ் சார், ஃப்ரீ! ஞாயித்துக்கிழமை குரோம்பேட்டை கல்யாண மண்டபத்துக்கு மிஸஸோட வாங்க." மிஸஸைக் கூப்பிட்டேன். "ஓசி சூட்கேஸுக்கெல்லாம் நான் புடவை மாத்த மாட்டேன்" என்றாள். தனியாகப் போனேன். ஜோடியாக வந்தால்தான் பரிசு என்று வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதற்குள் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டேன். வேட்டி கட்டிய ஒருவர் இரண்டாவது தட்டு கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாள் முன்னாலும் தட்டு இருந்தது, ஆனால் தொடவே இல்லை. ஏன் தொடவில்லை? அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை! ஓடிவந்து, அவருக்குக் குப்புராஜ் என்றும் அந்த அம்மாளுக்குக் காந்தா என்றும் பெயர் வைத்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் தவழும் மலைச்சரிவில், கனவு போன்ற ஒரு..." வேண்டாம். இது மண்டபத்தில் கொடுத்த நோட்டீஸில் இருப்பது.

இரண்டாவது தொடக்கம்: "குப்புராஜ் ஒரு ஏமாளி." இதுவும் வேண்டாம், ஏனென்றால் அவர் ஏமாளி இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். மனை பார்க்க வருகிறவர்களை வேனில் ஏற்றிவந்து சோறு போட்டு மயக்கும் புரோக்கர்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர். கடைசி நஞ்சையை விற்ற பணம் பேங்கில் இருக்கிறது. அதில் மிச்சம் இருக்கும் முப்பதாயிரம், ஜங்ஷனில் காந்தா திறக்கப்போகும் மேட்சிங் சென்டருக்கு* அட்வான்ஸ். நாளைக்குக் கொடுக்காவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். செக் புத்தகம் குப்புராஜின் சட்டைப் பையில் இருக்கிறது.

(*புடவைக்கு ஏற்ற நிறத்தில் ஜாக்கெட் துணி விற்கும் கடை. காந்தா அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.)

3

டை கட்டிய சுந்தரராமன் எதிரே உட்கார்ந்தான். விற்பது அவன் வேலை.

"கொடைக்கானல்ல வருஷத்துக்கு ஒரு வாரம் அந்த வீடு உங்களோடது சார், லைஃப் லாங்! டைம்ஷேர்னு பேரு. முப்பதாயிரம்தான்."

"மத்த வாரம்லாம் யாருது?" என்றாள் காந்தா.

"மத்த மெம்பர்ஸுக்கு மேடம்."

"மே மாசம் கேட்டா குடுப்பீங்களா?"

"அது... ரூம் காலியா இருக்கறதப் பொறுத்து."

"வருசா வருசம் வேற எதுனா கட்டணுமா?"

"மெயின்டெனன்ஸ்னு சின்ன அமௌன்ட்."

"அப்ப எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. வூட்டுக்கு எடுத்துனு போய்ப் படிச்சுட்டு நாளைக்குச் சொல்றோம்."

"நாளைக்கு இந்த ரேட் கிடையாதுக்கா! இன்னிக்கு மட்டும்தான்!"

மேடம் அக்காவாகிவிட்டாள், கவனித்தீர்களா? அந்த நேரம் பார்த்து மூலை மேசையில் யாரோ கையெழுத்துப் போட, மைக்கில் பெயரைச் சொல்லி மண்டபமே கைதட்டியது. மேனேஜர் வந்து குப்புராஜின் தோளில் கை போட்டு, உங்களுக்காக மட்டும் இருபத்தெட்டாயிரம் என்றார்.

(இங்கே கரண்ட்டைப் போக வைக்கலாமா என்று பார்த்தேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் அது கள்ளாட்டம், அடித்துவிட்டேன்.)

4

குப்புராஜ் பேனாவைத் திறந்துவிட்டார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு விவரமானவர் ஏன் போடப்போகிறார்? நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காந்தாதான் கேட்டாள்.

"இன்னாங்க, நெஜமாவே போடப்போறீங்களா?"

"கை நனைச்சிட்டேனே காந்தா" என்றார் அவர், காதோடு. "ரெண்டு தட்டு துண்ணுட்டு, வேணாம்னு எப்படி எந்திரிச்சுப் போறது?"

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன்! பெண் பார்க்கப் போன வீட்டில் பேச்சு முடிகிறவரை கை நனைக்காத மனிதர்கள் இவர்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பாவம், சுந்தரராமனுக்கு இது தெரியாது. தன் வாய் ஜாலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். வேலை செய்தது கேசரி!

காந்தாவுக்கோ அன்று கிருத்திகை விரதம். குன்றத்தூர் முருகனைப் பார்த்த பிறகுதான் பச்சைத் தண்ணீரே. அந்த மண்டபத்தில் யாருக்கும் கடமைப்படாத ஒரே ஆள் அவள். (விரதம் நான் வைத்தது. தட்டைத் தொடாதது நிஜம்.)

5

அவள் என்ன செய்தாள்?

"காந்தாவின் கண்கள் குளமா..." அடித்துவிட்டேன். அவள் அழுகிற ரகம் இல்லை.

நாலு பேர் முன்னால் புருஷனைக் கிழி கிழி என்று கிழித்தாள். இதையும் அடித்துவிட்டேன். அப்புறம் அவர் வீம்புக்கே போட்டுவிடுவார்.

மூன்றாவதை ஒரே மூச்சில் எழுதினேன். காந்தா ஹேண்ட்பேக்கைத் திறந்து ஐம்பத்தோரு ரூபாய் எடுத்து சுந்தரராமன் கையில் வைத்தாள்.

"என்னக்கா இது? டோக்கன் அட்வான்ஸா?"

"மொய். கல்யாண மண்டபத்துல சாப்ட்டாரு, மொய் வச்சாச்சு. நமக்கும் உங்களுக்கும் சரியாப் போச்சு." புருஷனைப் பார்த்து, "வாங்க, போலாம்" என்றாள். விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

எழுதி முடித்ததும் சந்தோஷம் தாங்காமல் நானே கைதட்டினேன். சமையலறையிலிருந்து மிஸஸ் எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

6

குப்புராஜ் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். பேனா திறந்தே இருக்கிறது. வாசலைப் பார்க்கிறார், காகிதத்தைப் பார்க்கிறார். "லேடீஸ் அப்படித்தான் சார், நீங்க போடுங்க" என்று மேனேஜர் குனிகிறார். நான் எழுந்திரும் ஐயா, எழுந்திரும் என்று கத்துகிறேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

முடிவை உங்களிடம் விடுகிறேன். ஆனால் இன்றைக்கே சொல்லுங்கள் என்று கேட்க மாட்டேன். வீட்டுக்குப் போங்கள், சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், வீட்டில் உள்ளவர்களிடமும் கேளுங்கள். நாளைக்குத் தோன்றாவிட்டால் மறுநாள் சொல்லுங்கள். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அந்தப் பேனா காகிதத்தைத் தொடாது.