பெரிய எழுத்துத் திரை

ஒரு வரி. இருபத்தெட்டுப் பக்க அறிக்கையில் ஒரே ஒரு வரி. அதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? அப்போதும் ஸ்ரீநிவாசராகவன் சார் பாராட்டியிருப்பார், கொஞ்சம் குறைவாக. அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் எழுதினேனா?

தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமலராணி நிமிர்ந்தாள். தபீதாள் அக்கா மேம்பாலப் படிகளில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கம்பியைத் தொட்டபடி, ஒவ்வொரு படியிலும் காலை ஒரு கணம் நிறுத்தி. ஐந்து வருஷமாக இருவரும் இந்த ரயிலில்தான் குரோம்பேட்டைக்குப் போகிறார்கள். லாரிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி. அக்கா கீழே ஸ்டோர்ஸில் குமாஸ்தா. அமலராணி முதலில் கணக்குப் பிரிவில் இருந்தாள், போன வருஷத்திலிருந்து மாடியில் கம்ப்யூட்டர் பிரிவில். அக்கா ஏன் அப்படிப் படியிறங்குகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்து மூன்று மாதந்தான் ஆகிறது.

எழுபத்தொன்பதாம் வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் ஒரு வேலையை அவளிடம் கொடுத்தார். கம்ப்யூட்டர் மாடியில் குளிர்சாதன அறையில் இருக்கும். அதிலிருந்து கேபிள் இழுத்து ஐந்து பிரிவுகளுக்கு ஒரு திரையும் அதனுடன் ஒரு தட்டச்சுப் பலகையும் வைக்கலாம். எங்களுக்கு வேண்டும் என்றவர்களோ ஒன்பது பிரிவினர். ஒவ்வொருவரிடமும் போய், யாரிடம் எதைக் கேட்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறீர்கள் என்று விசாரித்து, திரைகள் எங்கே இருக்கவேண்டும் என்று வரைபடம் போட வேண்டும்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மேஜைகளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டு, கேள்வி போகும் வழியைப் பென்சிலால் கோடிழுத்தாள். மனிதர்கள் தாங்களாகவே பேசினார்கள். இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன், என்ன செய்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை என்றார் டெஸ்பாட்ச் பெரியவர். நான் கேட்டால் சொல்கிறார்கள் என்று அமலராணி நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமை இருந்தது.

கோடுகளில் பாதிக்குமேல் தபீதாள் அக்காவின் மேஜையில் போய் முடிந்தன.

அவள் ஸ்டோர்ஸுக்குப் போன அன்று, பெட்டி தூக்கும் அப்பாதுரைதான் முதலில் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மேடம், இங்க டிவி பொட்டி வெக்கப் போறீங்களாமே. ஞாயித்துக்கெழம படம் தெரியுமா?"

"உனக்குப் படம் வேற கேக்குதா? போய் அந்த பேரிங் பெட்டியைத் தூக்கி உள்ள வை," என்றாள் அக்கா.

"வெச்சிகினுதான கீறேன்! கண்ணு தெரில உனுக்கு?" என்று சொல்லிவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு போனான்.

அமலராணி அதைக் கவனித்தாள். கவனிப்பதுதானே அவள் வேலை.

ஜன்னலில் ஒருவன் வந்து நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் புஷ் கேட்டான். "மூணாவது ரேக், கீழ்த்தட்டு. நூத்திப் பதினேழு இருக்கு," என்றாள் அக்கா. சரக்கு அட்டையைத் தொடவே இல்லை. அவன் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன, ராணி. ரெண்டு வருஷமா அட்டையில இருக்கற நம்பர் எனக்குத் தெரியறதில்ல. அப்பாதுரை வாசிப்பான், நான் மனசுல ஏத்திக்குவேன். இதுவரைக்கும் ஒரு தப்பு வந்ததில்ல. ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம். ஓட்டிட்டேன்னா போதும்." பிறகு, "அந்தத் திரையில எழுத்து எவ்வளவு பெருசா இருக்கும்?" என்று கேட்டாள்.

"எறும்பு மாதிரிதான் இருக்கும், அக்கா. பச்சைக் கலர்ல."

அக்கா சிரித்தாள். "அப்ப எனக்கு எதுக்கு அது?"

அன்று சாயங்காலமே அறிக்கையில் ஸ்டோர்ஸுக்கான படிவத்தின் கடைசிக் கட்டத்தில், பயன்படுத்துவோரின் தேவை என்ற தலைப்பின் கீழ், ஆங்கிலத்தில் அவள் எழுதினாள்: 'ஸ்டோர்ஸ் குமாஸ்தாவுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சிறிய எண்களைப் படிக்க இயலவில்லை; அவருக்குப் பெரிய எழுத்துத் திரை தேவை.'

அக்காவுக்காகத்தான் எழுதினாள். அது பொய்யில்லை. ஆனால் எழுதி முடித்ததும் ஒரு சந்தோஷம் வந்தது. வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். அதுவும் பொய்யில்லை. 'ஸ்டோர்ஸில் வெளிச்சம் குறைவு, பெரிய எழுத்துத் திரை நல்லது' என்று எழுதியிருந்தால் போதுமே. அந்த வாக்கியம் அன்றைக்குத் தோன்றவில்லை. அக்கா தன்னை நம்பிச் சொன்னது நினைவுக்கு வரும்போதெல்லாம், இப்போது தினமும் தோன்றுகிறது.

அக்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"நேத்து நீ போனப்புறம் ஆபீஸ்ல கையில குடுத்தாங்க. இங்கிலீஷு. வீட்ல தங்கச்சிக்குப் படிக்கத் தெரியாது. நீ படி."

அமலராணி பிரித்தாள். மூன்றாவது வரியில் அவளுடைய வாக்கியம் இருந்தது, இரண்டு பக்கமும் மேற்கோள் குறியோடு, ஒரு எழுத்துகூட மாறாமல். அறிக்கை எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கம்பெனியில் எல்லாரையும் கேட்டவள், அதை மட்டும் கேட்கவில்லை.

"பார்வைக் குறையை நிர்வாகத்துக்குத் தெரிவிக்காம மறைச்சிருக்கீங்களாம்," என்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரி வந்தது. கண் அதன்மேல் போய் நின்றது. நான்காவது வரிக்குத் தாண்டியது. "கம்பெனி டாக்டர்கிட்ட பரிசோதனைக்குப் போகணும். உங்களை ஏன் வேலையிலேர்ந்து நீக்கக்கூடாதுன்னு மூணு நாள்ல பதில் எழுதணுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், அக்கா."

ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பல்லாவரம் சந்தைக்கு இருவரும் சேர்ந்து போவது வழக்கம். தக்காளியை அக்கா அமுக்கிப் பார்த்து எடுப்பாள், அமலராணி கண்ணால் பார்த்து எடுப்பாள். வீட்டுக்குப் போனால் அழுகியது எப்போதும் அமலராணி எடுத்ததாகத்தான் இருக்கும். அன்றைக்குச் சந்தைக்குப் போகலாமா என்று அக்கா கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா அதே பெஞ்சில் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"யூனியன் தனசிங் தம்பிகிட்ட அந்தக் கடுதாசியைக் காட்டினேன். அவர் படிக்கிறப்ப நடுவுல ஒரு வரி ஜாஸ்தியா இருந்தது."

அமலராணி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பெரிய எழுத்து வேணும்னுதானே கேட்டிருக்கே. நல்லதுக்குத்தான் எழுதியிருப்பே, அது எனக்குப் புரியுது." அக்கா பையின் வாரை விரலில் சுற்றினாள். "ஆனா ஏன் தாண்டிப் படிச்சே, ராணி? கண்ணு தெரியாதவகிட்ட தாண்டிப் படிக்கலாமா?"

எழுதியதற்கு அவளிடம் பதில் இருந்தது. மூன்று நாளாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பதில். தாண்டியதற்கு இல்லை. ரயில் வந்ததும் அக்கா கம்பியைப் பிடித்து ஏறினாள். அமலராணி கை கொடுக்க நினைத்தாள். கொடுக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஸ்ரீநிவாசராகவன் கூப்பிட்டார். எதிரில் உட்காரச் சொன்னார். மேஜையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று.

"சின்ன விஷயம். கையெழுத்தோட ஒரு புகார் இல்லாம அந்தம்மாவை டாக்டர்கிட்ட அனுப்பக்கூடாதுன்னு யூனியன்ல தகராறு பண்றாங்க. ரிப்போர்ட்ல வந்த வரி செல்லாதாம். நீங்கதான் நேர்ல கேட்டவங்க. அதைப் புகாரா அடிச்சு வெச்சிருக்கேன். கையெழுத்து போட்டாப் போதும்."

"நான் புகார் எழுதல, சார். அவங்களுக்கு என்ன தேவைன்னு எழுதினேன்."

"ரெண்டும் ஒரே ஃபேக்ட்தானே? அவங்க வாயால சொன்னாங்களா இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதுவும் ஒரு தாண்டல்தான் என்று தோன்றியது.

"சொன்னாங்க, சார். என்கிட்ட சொன்னாங்க."

"அப்புறமென்ன?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்தக் கம்பெனியிலயே உங்க ரிப்போர்ட்தான் பெஸ்ட், அமலராணி. உங்களை இந்தப் பிரிவுல நிரந்தரம் பண்ற ஆர்டர் என் டிராயர்லதான் இருக்கு. இன்னிக்கே போட்டுடலாம்னு பார்க்கிறேன்."

அடுத்த அறையில் கம்ப்யூட்டரின் இரைச்சல் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அமலராணி தாளைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து படித்தாள். எதையும் தாண்டாமல். மூன்றாவது வரியில் தன் வாக்கியம் வந்தபோது அதில் கொஞ்சம் நின்றாள். 'அவருக்குப் பெரிய எழுத்துத் திரை தேவை' என்ற பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசியில், புகார் தருபவர் என்ற இடத்தில் அவள் பெயரைத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மேலே இடம் விட்டிருந்தார்கள்.

"பேனா இல்லையா?" அவர் தம்முடையதை மூடி கழற்றி நீட்டினார்.

"இருக்கு, சார்."

கைப்பையை அவள் திறக்கவில்லை. தாளை மறுபடி அவர் பக்கம் திருப்பி, மேஜை விளிம்புக்கு நேராக வைத்தாள்.

"வேண்டாம், சார்," என்றாள்.